விதைத்துப் பத்து மாதம் ஆகியும் காடு மொட்டையாகக் கிடக்கிறது: கொழுக்கட்டைப் புல்லை உழுது போட்டுவிடலாமா?

மேட்டுக்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். மூலனூர் பக்கம் ஆறு ஏக்கர் மானாவாரி நிலம், செம்மண் சரளை, மேற்கே பார்த்த சரிவு. தாத்தா காலத்தில் கொறங்காடு, அதாவது உயிர்வேலி அடைத்துப் புல்லும் மரமும் வைத்து மாடு ஆடு மேய்க்கிற காடு. அப்பா அதை உடைத்துக் கடலையும் சோளமும் போட்டார், கடைசி ஏழெட்டு வருஷம் சும்மா கிடந்தது. அதில் மேல்மண் எல்லாம் போய் நடுவில் ஓர் அரிப்பு விழுந்து, நான் படிக்கிற காலத்தில் முழங்கால் ஆழம் இருந்தது இப்போது இடுப்பளவுக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கம் பழைய கிளுவை வேலி இன்னும் உயிரோடு இருக்கிறது, வெள்வேல மரம் ஏழு நிற்கிறது. கையில் இரண்டு காங்கேயம் மாடு, பன்னிரண்டு மேச்சேரிச் செம்மறி ஆடு.

திரும்பவும் கொறங்காடாக்கிவிடலாம் என்று போன ஆடியில் நன்றாக இரண்டு உழவு ஓட்டி, ஆனியில் உருவிய கொழுக்கட்டைப் புல் விதையை ஏக்கருக்கு மூன்று கிலோ வீதம் வீசினேன். கூடவே கொஞ்சம் சோளம். ஆடி, ஆவணியில் மழை சரியாக இல்லை, ஐப்பசியில் பெய்தது. கார்த்திகையில் அங்கங்கே பச்சை தெரிந்ததும் ஆசையில் ஆட்டை விட்டுவிட்டேன் (திட்டுவீர்கள் என்று தெரியும்). இப்போது வைகாசி. போய்ப் பார்த்தால் இங்கொரு குத்து, அங்கொரு குத்து, நடுவில் எல்லாம் பார்த்தீனியமும் நெருஞ்சியும் வெறும் சரளையும்தான். பக்கத்துக் காட்டுக்காரர் இதை உழுது போட்டு, போர் போட்டு நேப்பியர் தீவனப் புல் நடு என்கிறார். இன்னொருத்தர் இந்தப் புல்லையே ஆஸ்திரேலியாவில் களை என்று ஒழிக்கிறார்கள், நீ காசு கொடுத்து விதைக்கிறாயா என்று சிரிக்கிறார். எனக்கு மேய்ச்சலும் வேண்டும், மண்ணும் நிற்க வேண்டும். அரிப்போரம் கவுதாரி ஜோடி ஒன்று இருக்கிறது, அதுவும் போகாமல் இருந்தால் சந்தோஷம். உழலாமா, விடலாமா?

பட்டிக்காரர்

தம்பி, ஏரைத் தொடாதீங்க. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் புல் சாகவில்லை. பாதி விதை இன்னும் முளைக்கவே இல்லை. ஆனியில் உருவி ஆடியில் வீசினீர்கள் என்றால் அது பச்சை விதை. கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு, உருவிய கையோடு போட்டால் தூங்கும். ஆறு மாதமாவது, ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது, சாக்கில் காற்றாட வைத்திருந்து போட வேண்டும். இப்போது மண்ணில் கிடக்கிறவை வருகிற புரட்டாசி மழைக்கு எழும், அதற்குள் நீங்கள் உழுதால் ஆழத்துக்குப் போய்விடும். ஒரு விரற்கடைக்குக் கீழே போன விதை மேலே வராது. நன்றாக இரண்டு உழவு ஓட்டியதாகச் சொல்கிறீர்களே, அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. கடலைக்குப் பொலபொலவென்று மண் வேண்டும். இந்தப் புல்லுக்குக் கீழே கெட்டியாகவும் மேலே மட்டும் லேசாகக் கீறியும் இருந்தால் போதும். வீசிவிட்டு ஒரு முள் கிளையை வெட்டிக் கட்டி இழுத்துவிட்டு, அப்புறம் ஆட்டுப் பட்டியை ஒரு தடவை மேலே நடத்திக் கூட்டிப் போவோம். குளம்பு மிதித்தால் விதை மண்ணோடு ஒட்டும். உருளை எல்லாம் வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பக்கத்துக் கொழுக்கட்டைக்குப் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதத்தில் எப்படி அடிக்கிறது என்று காற்றாலைக்காரனைக் கேளுங்கள். இந்த விதை சுணை சுணையாகப் பஞ்சு மாதிரி இருக்கும், ஈர மணலோடு பிசைந்து வீசாவிட்டால் உங்கள் மூன்று கிலோவில் ஒரு கிலோ பக்கத்துக் காட்டில்தான் முளைத்திருக்கும். அவர் ஏன் உழச் சொல்கிறார் என்று இப்போது புரிகிறதா, சும்மா சொன்னேன். ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் மழைதான் இதற்குச் சரி.

ஆட்டை விட்டதற்குத் திட்டத்தான் வேண்டும். இது வெயில் ஏற ஏற வளர்கிற சாதி, கரும்பு, கம்பு, சோளம் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். ஆனால் முதல் வருஷம் மேலே வளராது, கீழேதான் போகும். இலை ஒரு சாண் இருக்கும்போதே வேர் அதைவிட நீளமாக இருக்கும். நமக்கு மேலே தெரிவது மட்டும்தானே கணக்கு, அதனால் பயிர் வரவில்லை என்று நினைத்து உழுதுவிடுகிறோம். நானே 2009இல் மூன்று ஏக்கரை அப்படி உழுது போட்டவன். உழுத சாலில் பார்த்தால் வெள்ளை வேர் கொத்துக் கொத்தாக வருகிறது. அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை.

செம்மறி ஆடு தரையோடு ஒட்டக் கடிக்கும். இளம் குத்தின் அடித்தண்டில்தான் அது மறுபடி துளிர்ப்பதற்கான சத்தைச் சேர்த்து வைக்கிறது, அதையும் கடித்துவிட்டால் வெறும் வேரை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? முதல் வருஷம் பூத்து விதை கொட்டுகிற வரைக்கும் ஒரு வாய் வைக்கக் கூடாது. வேண்டுமானால் அரிவாளால் முக்கால் முழத்துக்கு மேலே வெட்டிக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நான்கு குச்சியை மீட்டருக்கு மீட்டர் சதுரமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காட்டில் இருபது இடத்தில் போட்டு, உள்ளே எத்தனை குத்து என்று எண்ணி எழுதுங்கள். அரையடி உயரமுள்ள ஒரு குத்தைப் பிடித்து இழுத்தும் பாருங்கள். பிடுங்கி வந்துவிட்டால் அது இன்னும் வேர் பிடிக்காத புல். வராமல் இலை மட்டும் கையோடு வந்தால் அது நிற்கிற புல்.

வரப்போரம்

மேலே அண்ணன் சொன்னதோடு அரிப்பைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், நான் நீர்ப்பிடிப்புப் பகுதி வேலைகளில் பத்து வருஷம் சுற்றியவன்.

புல் போட்டால் அரிப்பு நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அதில் பாதிதான் உண்மை. பரவலாக ஓடுகிற தண்ணீரைப் புல் பிடிக்கும்: ஒவ்வொரு குத்தின் மேல்பக்கமும் மண் தேங்கிச் சின்னப் படி மாதிரி ஆகும், மூன்றாம் வருஷம் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் தண்ணீர் ஒரே தடத்தில் திரண்டு ஓட ஆரம்பித்த இடத்தில், அதாவது உங்கள் இடுப்பளவு அரிப்பில், கொழுக்கட்டை விதையைக் கொட்டினால் முதல் மழையிலேயே அடித்துப் போகும். நிறையப் பேர் அரிப்புக்குள்ளேயே வேலையை ஆரம்பிக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து சேர்கிறது என்று மழை நேரத்தில் குடையோடு போய்ப் பாருங்கள், காடு சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. அரிப்பின் தலைப்பக்கம்தான் மேலே மேலே ஏறிக்கொண்டு போகும், அதற்கு மேலே சரிவுக்குக் குறுக்கே சம மட்டத்தில் ஒரு வரப்பு போட்டு, வருகிற தண்ணீரைப் பக்கவாட்டில் பரத்திவிட வேண்டும்.

அப்புறம் அரிப்புக்குள் காட்டிலேயே கிடைக்கிற கல்லை வைத்துக் குறுக்கே தடுப்பு. உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றி அறுத்துக்கொண்டு போகும், உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு அரிப்பாகும். கீழ்த் தடுப்பின் தலை மட்டமும் மேல்த் தடுப்பின் கால் மட்டமும் ஒன்றாக வருகிற மாதிரி இடைவெளி விடுங்கள். தடுப்புக்குப் பின்னால் ஒரு மழையில் மண் சேர்ந்ததும் அந்த ஈரத்தில் வெட்டிவேர் நாற்றை ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நட்டுவிடுங்கள். அது பக்கவாட்டில் ஓடாது, நேராக மூன்று மீட்டர் வரைக்கும் இறங்கும், குத்துகள் சேர்ந்துகொண்டால் வேலி மாதிரி மண்ணை வடிகட்டும். கொழுக்கட்டை அதற்குப் பிறகு தானாக வந்து சேரும்.

இன்னொன்று, இனி எந்தக் காரணத்துக்கு ஏர் ஓட்டினாலும் சரிவுக்குக் குறுக்கே. மேலிருந்து கீழே ஓட்டிய ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான்.

மேட்டுக்காட்டான்

அண்ணா, எண்ணிப் பார்த்தேன். இருபது இடத்தில் எட்டில் நான்கு, ஐந்து குத்து இருக்கிறது. ஏழில் ஒன்று, இரண்டு. ஐந்து இடத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாம் மேட்டுப் பக்கம் சரளை நிறைந்த இடம். இழுத்துப் பார்த்தேன், இலை அறுந்து கை கீறிக்கொண்டதுதான் மிச்சம். தோண்டிப் பார்த்தேன் (ஒன்றே ஒன்றுதான்!), முழங்கை நீளத்துக்கு மேலே வேர் போய்க்கொண்டே இருந்தது, பாறை தட்டியதும் விட்டுவிட்டேன். நிஜமாகவே எதிர்பார்க்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்ல? அப்புறம் முயல் மசால் என்கிற தீவனச் செடியைக் கலந்து போடச் சொல்கிறார்களே, அது நல்லதா?

விதைக்கூடை

கணக்குப் போடுவோம். வரிசையில் நடும்போது 50 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்று இடைவெளி சொல்வார்கள், அப்படி நட்டாலே சதுர மீட்டருக்கு ஆறேழு குத்துதான். உங்களுக்கு நான்கு, ஐந்து இருக்கிற இடம் வெற்றி. ஒன்று, இரண்டு இருக்கிற இடம் தானே கொட்டுகிற விதையில் இரண்டு வருஷத்தில் மூடிக்கொள்ளும். ஒன்றுமில்லாத மேட்டில் மட்டும் புரட்டாசியில் பழைய விதையை மறுபடி வீசுங்கள். மொத்தக் காட்டையும் உழுவதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

நேப்பியரைப் பற்றி: கோ 4, கோ 5 ரகமெல்லாம் நல்ல தீவனம், நானும் பத்து சென்ட் வைத்திருக்கிறேன். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், வெட்டிக் கொண்டுபோய்ப் போட ஆள் வேண்டும். அது வெட்டுகிற புல், உங்களுடையது மேய்கிற புல், இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு. சரளை மேட்டில் ஆயிரம் அடி போர் போட்டுக் காற்று வந்த கதை உங்கள் ஊரிலேயே நாலு இருக்கும்.

ஆஸ்திரேலியா விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. அங்கேயும், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியிலும் கொழுக்கட்டை பெரிய தலைவலிதான். மேய்ச்சலுக்கென்று கொண்டுபோய்ப் போட்டார்கள், அது அந்த ஊர்ச் செடிகளுக்கு இடையே புகுந்து அடர்ந்து காய்ந்து காட்டுத்தீக்கு விறகாகிவிட்டது. ஆனால் அங்கே அது வந்தேறி. ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாடு வரைக்கும் அதற்குச் சொந்த மண், இங்கே அதைக் கடிக்கிற வாயும் பூச்சியும் கூடவே வளர்ந்தவை. நம் சீமைக் கருவேலம் மெக்சிகோ பக்கம் சாதுவாக நிற்கிற மரம்தானே!

முயல் மசால் போடலாம். புல் மூன்று பங்கு, மசால் ஒரு பங்கு. பயறு வகை, அதனால் தீவனத்தில் புரதம் ஏறும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்காது. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நான்கு நிமிஷம் வைத்து எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு விதையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு விதையை அவித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள், ஒருத்தர் திட்டியிருக்கிறார். அதே புரட்டாசி மழைக்கு மேட்டுப் பக்கம் புல் விதையோடு கலந்தே வீசிவிடலாம்.

பட்டிக்காரர்

முயல் மசாலில் எனக்கு உடன்பாடு இல்லை. கெட்டது என்று சொல்லவில்லை, அவசரம் வேண்டாம் என்கிறேன். அதுவும் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான். கொறங்காட்டில் புரதத்துக்கு வெள்வேலங்காய் இருக்கிறது. கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது காய் உதிரும், ஆடு தேடித் தேடிப் பொறுக்கும், தின்ற விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த மழையில் முளைக்கும். நம் காடுகளில் வெள்வேலம் நட்டவன் யாரும் இல்லை, ஆடு நட்டதுதான். தம்பி, உங்களிடம் ஏழு மரம் இருக்கிறது, முளைக்கிற கன்றில் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டை முள் போட்டுக் காப்பாற்றுங்கள், மீதியைப் பிடுங்கிவிடுங்கள். நிழல் விரிந்து போனால் புல் படுத்துவிடும். மற்ற பயறெல்லாம், புல்லுக்கு நடுவே அந்தந்த ஊர்ச் செடி தானாக வரும்.

சோளத்தைக் கலந்து போட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன். முதல் வருஷம் மண்ணை மூடுவதற்கு நாங்களும் போடுவோம், அடர்த்தி இல்லாமல் போட வேண்டும். ஆனால் இளம் சோளத்திலும், வாடி நிற்கிற சோளத்திலும், அறுத்த தட்டை மறுபடி துளிர்க்கிற குருத்திலும் விஷம் இருக்கும், மாடு தின்றால் மூச்சுத் திணறி நிமிஷத்தில் விழும். காட்டில் துளிர் ஏதாவது மிச்சம் இருந்தால் மாட்டை விடும் முன் பிடுங்கிவிடுங்கள். ஒரு மாடு போனால் உங்கள் ஆறு ஏக்கர் புல்லும் அதற்கு ஈடாகாது.

கவுதாரிக்கூடு

நான் விவசாயி இல்லை, பறவை பார்க்கிறவன். கடைசியில் கவுதாரி என்று ஒரு வரி எழுதினீர்களே, அதற்காகத்தான் வந்தேன்.

நீங்கள் குறையாகச் சொல்கிற அந்த இடைவெளிதான் கவுதாரிக்கு வீடு. குத்துக்கும் குத்துக்கும் நடுவே வெறும் தரை இருந்தால்தான் குஞ்சு ஓட முடியும், கறையான் பொறுக்க முடியும், கழுகு நிழல் தெரிந்தால் குத்துக்கு அடியில் ஒளிய முடியும். பாய் விரித்த மாதிரி அடைத்து வளர்கிற புல்லுக்குள் அது நுழையாது. ஆள்காட்டிக் குருவி இன்னும் மேலே, அதற்குப் புல்லே வேண்டாம், அந்த மேட்டுச் சரளையில் நாலு கல்லுக்கு நடுவே கல் மாதிரியே முட்டை வைக்கும். இந்த மாதங்களில் அங்கே நடந்தால் தலைக்கு மேலே கத்திக்கொண்டே வட்டமடிக்கும், அப்போது காலைப் பார்த்து வையுங்கள். அதனால் மேட்டில் மறுவிதைப்பு செய்வதை அவர்கள் சொன்ன மாதிரி புரட்டாசிக்குத் தள்ளுங்கள், அதற்குள் பெரும்பாலும் குஞ்சு எழுந்திருக்கும்.

கிளுவை வேலியை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்து கம்பி வேலி போடுகிறார்கள் இப்போது, தயவுசெய்து செய்யாதீர்கள். அதன் அடியில்தான் முயல், கீரி, ஓணான் எல்லாம். விட்டுப்போன இரண்டு பக்கத்துக்கும் பழைய வேலியிலிருந்தே போத்து (நடுகிற கிளைத் துண்டு) வெட்டி மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றினால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தப்பென்றால் பட்டிக்காரர் திருத்தட்டும். கண்ணி வைக்கிறவர்கள் வந்தால் விடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி பிடிப்பது குற்றம்.

மயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். விதைத்த அன்றைக்கே வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பட்டிக்காரர்

போத்து சரிதான். நாலடி நீளம், பெருவிரல் கனத்துக்கு மேலே, ஒரு சாணுக்கு ஒன்று. நேராக ஊன்றாமல் ஒன்றோடொன்று பின்னுகிற மாதிரி சாய்த்து ஊன்றுங்கள். மயிலுக்கும் ஒன்று சொல்கிறேன், விதையை வீசியதும் முள் இழுத்துவிடச் சொன்னேனே, மண் மூடினால் பாதி தப்பும்.

மேட்டுக்காட்டான்

உழவு இல்லை, முடிவு செய்துவிட்டேன். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையால் பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறேன், மேலே சம மட்ட வரப்புக்குக் கயிறு கட்டிப் பார்த்தாயிற்று. முயல் மசாலை அரை ஏக்கரில் மட்டும் போட்டுப் பார்க்கிறேன், இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசிக் கேள்வி: காடு எழுந்த பிறகு இந்தப் பன்னிரண்டு ஆட்டையும் இரண்டு மாட்டையும் எப்படி விடுவது? அப்புறம் மேட்டுக்குப் பழைய விதை எங்கே கிடைக்கும்?

பட்டிக்காரர்

நாலு துண்டாகப் பிரியுங்கள், ஆறு ஏக்கரை ஒரே திறப்பாக விட்டால் ஆடு பிடித்த குத்தையே திரும்பத் திரும்பக் கடித்துக் கொல்லும், பிடிக்காதது முற்றிப் போகும். முதலில் மாடு, அது மேல் இலையைச் சுருட்டித் தின்னும். மாடு தாண்டியதும் பின்னால் ஆடு. நாலு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுங்கள், நாள் கணக்குப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள். மழைக் காலத்தில் சீக்கிரம் எழும், கோடையில் எழவே எழாது, அப்போது ஆட்டைக் குறைக்க வேண்டும் அல்லது வெளியே கொண்டுபோக வேண்டும். வருஷத்துக்கு ஒரு துண்டைப் பூத்து விதை கொட்டுகிற வரை மூடி வையுங்கள். கவுதாரிக்காரருக்கும் அது பிடிக்கும். ராத்திரி பட்டியை அந்த வெறும் மேட்டில் மாற்றி மாற்றிப் போடுங்கள், நான்கு இரவுக்கு ஓர் இடம், உரத்துக்கு வேறு செலவு வேண்டாம்.

விதை என்னிடம் போன தை மாதம் உருவியது இருக்கிறது, புரட்டாசிக்குச் சரியாக உறக்கம் தெளிந்திருக்கும். மேட்டுக்கு ஐந்தாறு கிலோ போதும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷத்துக்கு நீங்களே உருவ வேண்டும். கதிர் எல்லாம் ஒரே நாளில் முற்றாது, இன்றைக்குக் கை வைத்தால் உதிர்வது மட்டும்தான் விதை, நாலு நாள் கழித்து மறுபடி போக வேண்டும். தை பிறந்ததும் ஒரு காலை நேரத்தில் வாருங்கள், பனி இருக்கும்போது உருவினால் சுணை குத்தாது. சாக்கு நீங்களே கொண்டு வாருங்கள், போன தடவை வந்தவர் என் சாக்கை எடுத்துக்கொண்டு போனவர்தான்.